உடலோடு ஒட்டி நிற்கும் ஆடைகளுக்குத் தையலற்ற அடுக்குத் துணி பின்னுவது எப்படி?

உள்ளாடை, விளையாட்டு ஆடை, இறுக்கமான காலாடை, மருத்துவர் பரிந்துரைக்கும் அழுத்த உறை போன்றவற்றைப் பக்கத் தையல் இல்லாமல் ஒரே குழாயாகப் பின்னி எடுக்கும் வட்டப் பின்னல் இயந்திரத்தில் வேலை பழகத் தொடங்குவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. சாதாரண பனியன் துணி பின்னுவதில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட இந்த இயந்திரத்தின் முன் முதல் சில வாரங்கள் தடுமாறுவதுண்டு. அங்கே துணியைச் சுருள் சுருளாகப் பின்னி, பிறகு அதிலிருந்து ஆடையை வெட்டுகிறோம். இங்கே ஆடையையே பின்னுகிறோம். ஆகவே வெட்டுபவரும் தைப்பவரும் பின்னால் சரிசெய்துகொள்வார்கள் என்று விட்டுவைக்கக்கூடிய தவறுகள் இங்கே மிகக் குறைவு.

அடுக்குத் துணி என்று வரும்போது இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. உள்ளடுக்கும் வெளியடுக்கும் ஒரே அளவு நீள வேண்டும், விட்டவுடன் ஒரே அளவு சுருங்கவும் வேண்டும். ஒன்று நீண்டு மற்றொன்று முரண்டு பிடித்தால், எவ்வளவு விலையுயர்ந்த நூலைப் போட்டாலும் உடலில் அணிந்த ஐந்தாவது நிமிடத்தில் உள்ளடுக்கு சுருக்கம் விழுந்து தோலை உறுத்தத் தொடங்கிவிடும். கீழே சொல்லப்படும் படிகள் அனைத்திலும் இந்த ஒத்திசைவைத்தான் தேடிப் போகிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு சொல் விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தையலற்ற ஆடை என்ற பெயரை நம்பி, இயந்திரத்திலிருந்து விழுவதை அப்படியே அணிந்துகொள்ளலாம் என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். வட்டப் பின்னலில் பக்கத் தையலும் இடுப்புப் பட்டித் தையலும்தான் இல்லாமல் போகின்றன. கழுத்தையும் கைக்குழியையும் வெட்ட வேண்டியிருக்கும். தோளையும் கவட்டையும் தைக்க வேண்டியிருக்கும். உடல், கை எல்லாம் சேர்ந்து முழு ஆடையாகவே வெளிவரும் முறை, ஊசிகள் வட்டமாக நில்லாமல் நேர்வரிசையில் நிற்கும் தட்டைப் படுக்கை இயந்திரத்துக்கு உரியது. ஷிமா செய்கி நிறுவனம் ஹோல்கார்மென்ட் என்ற பெயரில் அதை 1995-இல் மிலான் இயந்திரக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. அது வேறு உலகம். இக்கட்டுரை அதற்குள் போகவில்லை.

இயந்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்

சிலிண்டர் என்னும் உருளையின் வெளிப்புறத்தில் வெட்டப்பட்ட பள்ளங்களில் ஊசிகள் நிற்கின்றன. அவை லாட்ச் ஊசிகள். கொக்கியும், அதைத் திறந்து மூடும் சிறு தாழும் கொண்ட இந்த ஊசிக்கு மாத்யூ டௌன்செண்ட் 1849-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அன்று முதல் இன்றுவரை அடிப்படை மாறவில்லை: ஊசி எழும்போது பழைய கண்ணி, அதாவது முன்பு போட்ட நூல் வளையம், தாழைத் திறந்துகொண்டு கீழே நழுவுகிறது, ஊசி புதிய நூலைப் பிடித்து இறங்கும்போது அதே பழைய கண்ணி தாழை மூடிவிட்டுத் தலைக்கு மேலாகக் கழன்று விழுகிறது. எழுந்து, பிடித்து, இறங்கும் இந்த அசைவைக் கையால் இயந்திரத்தை மெல்லச் சுழற்றி ஒருமுறையேனும் கண்ணால் பார்த்துவிடுங்கள். பத்துப் பக்கம் படிப்பதைவிட அது பயன் தரும்.

ஊசிகளுக்கு நூலைக் கொடுக்கும் இடமான ஃபீடர் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் ஊசியும் மூன்றில் ஒன்றைச் செய்யலாம். முழு உயரம் எழுந்து புதுக் கண்ணி போடுவது நிட். பாதி எழுந்து, பழைய கண்ணியையும் விடாமல் புதிய நூலையும் பிடித்துக்கொள்வது டக். எழவே எழாமல் நூலைப் பின்னால் ஓட விடுவது மிஸ். தையலற்ற ஆடைக்கான இயந்திரங்களில் பெரும்பாலும் எட்டு ஃபீடர்கள் இருக்கும். எந்த ஊசி எந்த ஃபீடரில் எதைச் செய்ய வேண்டும் என்பதை மின்னணுத் தெரிவு அமைப்பு முடிவு செய்யும். சிலிண்டருக்கு மேலே டயல் என்னும் தட்டு இருக்கும். ஒற்றைப் படுக்கை இயந்திரத்தில் அந்த டயலில் ஊசிகள் இரா. கண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஜாக்குகளே இருக்கும், அவையும் ஊசிகளின் எண்ணிக்கையில் பாதிதான். மடிப்புப் பட்டியைப் பின்னும்போது இந்த ஜாக்குகளின் அருமை தெரியும்.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரில் உள்ள ஊசிகளின் எண்ணிக்கை மாறாது. இடுப்பிலும் அதே எண்ணிக்கை, புட்டத்திலும் அதே எண்ணிக்கை, முழங்காலிலும் அதே எண்ணிக்கை. உடல் குறுகும் இடத்தில் துணியைக் குறுக்கவும், அகலும் இடத்தில் அகற்றவும் நம்மிடம் இருப்பவை கண்ணியின் நீளம், பின்னல் அமைப்பு, நூல் ஆகிய மூன்று கருவிகள் மட்டுமே.

முதல் படி: உடலிலிருந்து கணக்கைத் தொடங்குதல்

இயந்திரத்தைத் தொடும் முன் தாளில் கணக்குப் போடுங்கள். ஒட்டி நிற்கும் ஆடை உடல் அளவைவிடச் சிறியதாகவே பின்னப்படுகிறது. இடுப்புச் சுற்று 76 செ.மீ. உள்ள ஒருவருக்கு 20 சதவீதம் குறைத்துப் பின்னுவதாக வைத்துக்கொள்வோம். துணி தளர்ந்த நிலையில் 60.8 செ.மீ. சுற்றளவு, மேசையில் தட்டையாக வைத்தால் 30.4 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது: 20 சதவீதம் குறைத்தால் துணி 20 சதவீதம் நீண்டால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். 60.8-இலிருந்து 76-க்கு வர அது 25 சதவீதம் நீள வேண்டும். குறைப்பதற்கும் நீள்வதற்கும் அடிப்படை எண் வேறு வேறு.

அடுத்து, ஊசிக்கு ஒன்றாக நெடுக்கில் ஓடும் கண்ணி நெடுவரிசைகளின் அடர்த்தி. சிலிண்டரில் 1,248 ஊசிகள் இருப்பதாகக் கொண்டால், இடுப்பில் ஒரு செ.மீ. அகலத்துக்கு ஏறத்தாழ 20.5 கண்ணிகள் வர வேண்டும். அதே ஆளுக்குப் புட்டத்தின் சுற்று 96 செ.மீ. என்றால், அதே 20 சதவீதக் குறைப்பில் 76.8 செ.மீ.; அங்கே செ.மீ.க்கு 16.25 கண்ணிகள். ஒரே குழாயில், ஒரே எண்ணிக்கை ஊசிகளில், இந்த இரண்டு அடர்த்திகளையும் நாம் கொண்டுவர வேண்டும். இந்த இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் அந்த அளவுக்கு அந்த டயா, அதாவது சிலிண்டரின் விட்டம், பொருந்தவில்லை என்று பொருள். நிரலில் நாள்கணக்காக மல்லாடுவதை விட்டுவிட்டு வேறு டயா சிலிண்டருக்குப் போய்விடுவதே புத்திசாலித்தனம். சிறிய அளவுக்கு ஒரு டயா, பெரிய அளவுக்கு இன்னொரு டயா என்று தொழிலில் தனித்தனி இயந்திரங்களை வைத்திருப்பது இதற்காகத்தான்.

இத்துடன் ஒரு சோதனைக் கேள்வி உண்டு: இந்த ஆடையை எப்படி அணிவார்கள்? 60.8 செ.மீ. இடுப்புப் பட்டி, அணியும்போது 96 செ.மீ. புட்டத்தைத் தாண்டி மேலே வந்தாக வேண்டும். அதாவது நூலோ கண்ணியோ அறுபடாமல் ஏறக்குறைய 58 சதவீதம் நீண்டு, பிறகு பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பட்டி கெட்டியாக, அழகாக இருக்கிறது என்று மகிழ்ந்துபோய் இந்தக் கணக்கை மறந்துவிட்டால், முதல் முறை அணியும்போதே படபடவென்று நூல் அறும் சத்தம் கேட்கும்.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணியின் இழுவிசை ஒன்றாகவே இருந்தாலும், வளைவின் ஆரம் சிறிதாகச் சிறிதாக அது தோல்மேல் தரும் அழுத்தம் கூடும். 55 செ.மீ. சுற்றுள்ள தொடையில் இதமாக இருக்கும் அதே இழுவிசை, 22 செ.மீ. கணுக்காலில் இரண்டரை மடங்கு அழுத்தும். ஆகவே காலாடையின் கீழ்ப்பகுதியைத் தொடையைப் போலவே இறுக்கிப் பின்னுவது தவறு.

இரண்டாம் படி: எந்த வகை அடுக்கு?

அடுக்கை உண்டாக்க மூன்று வழிகள் உள்ளன. ஒரே ஊசிக்கு இரண்டு நூல்களைக் கொடுத்து, ஒன்று வெளிமுகத்திலும் மற்றொன்று உள்முகத்திலும் நிற்கும்படி செய்வது பிளேட்டிங். துணியையே மடித்து, மடிப்பின் இரு விளிம்புகளையும் இயந்திரத்திலேயே இணைத்துவிடுவது மடிப்புப் பட்டி. சிலிண்டரிலும் டயலிலும் ஊசிகள் உள்ள இரட்டைப் படுக்கை இயந்திரத்தில் இரண்டு தனித் துணிகளைப் பின்னி, இடையிடையே டக் கண்ணிகளால் கோத்துவிடுவது மூன்றாவது. புதியவர்கள் இதே வரிசையில்தான் பழக வேண்டும் என்பது என் கருத்து. முதல் இரண்டும் கைவராமல் மூன்றாவதற்குப் போனவர்கள், குறை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: நூல்

வெளிமுகத்துக்கு நுண்ணிழைகள் பல கொண்ட நைலான் நூலே இவ்வகை ஆடைகளில் மிகுதியாகப் பயன்படுகிறது. 70 டெனியர், 68 இழைகள் என்பது பழகுவதற்கு நல்ல நூல். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். டெசிடெக்ஸ் என்பது 10,000 மீட்டரின் எடை. நூல் சுற்றிய கோனின் அட்டையில் 78 டெசிடெக்ஸ் என்று போட்டிருந்தால் அதுவும் ஏறத்தாழ அதே 70 டெனியர்தான் என்பதால் குழம்ப வேண்டாம். உள்முகத்துக்கு எலாஸ்டேன் நூல், பெரும்பாலும் நைலான் இழை சுற்றப்பட்டதாக, 20 டெனியர் அளவில் எடுத்துக்கொள்ளலாம். ஸ்பாண்டெக்ஸ் என்றும், ஒரு வணிகப் பெயரைக்கொண்டு லைக்ரா என்றும் பலர் அழைப்பது இதைத்தான். டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் இதை உருவாக்கினார்.

வியர்வையை வெளியே கடத்தும் விளையாட்டு ஆடை என்றால் தேர்வு மாறும். தோலைத் தொடும் பக்கத்தில் நீரை உறிஞ்சாத பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியஸ்டரையும், வெளிப்பக்கத்தில் ஈரத்தை வாங்கிப் பரப்பும் நூலையும் வைப்பார்கள். இங்கே சாயப்பட்டறையையும் சேர்த்து யோசியுங்கள். நைலானுக்கு நீரின் கொதிநிலையை ஒட்டிய வெப்பமே போதும். பாலியஸ்டருக்கு வழக்கமாக 130 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும், அந்த வெப்பம் எலாஸ்டேனின் மீள்திறனைக் குறைத்துவிடும். பின்னும்போது கச்சிதமாக இருந்த ஆடை சாயத்துக்குப் பிறகு தொளதொளத்துப் போனால் பழி பின்னியவர்மேல்தான் விழும்.

முறுக்கின் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நைலான் நூல் எஸ் முறுக்கிலும் இசட் முறுக்கிலும் வரும். எட்டு ஃபீடர்களிலும் ஒரே முறுக்கைப் போட்டால் குழாய் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றிப் போட்டால் திருகல் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். கோன்களைப் பின்னல் கூடத்தின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பழகும்படி ஒரு நாள் முன்னதாகவே கொண்டுவந்து வையுங்கள். ஒரே தொகுதியில் தயாரான நூலைக் குறிக்கும் லாட் எண்களைக் கலக்காதீர்கள்.

நான்காம் படி: நூல் ஏற்றுதலும் பிளேட்டிங்கும்

பிளேட்டிங் நிலைத்து நிற்பதற்கு இரண்டு காரணங்கள். இரண்டு நூல்களும் ஊசிக்கு வந்து சேரும் கோணங்கள் வேறாக இருக்க வேண்டும். இழுவிசைகள் நிலையாக இருக்க வேண்டும். நூல் வழிகாட்டியின் துளை ஒரு மயிரிழை தேய்ந்து பள்ளமானாலும் கோணம் மாறி, உள்ளே இருக்க வேண்டிய நூல் ஆங்காங்கே வெளியே எட்டிப் பார்க்கும். நுண்ணிய நைலானுக்கு 2 முதல் 4 கிராம் வரையிலான இழுவிசையில் தொடங்குவது வழக்கம். எந்த எண்ணில் வைக்கிறோம் என்பதைவிட எட்டு ஃபீடர்களிலும் ஒரே எண்ணாக வைப்பது முக்கியம். இழுவிசைமானியைக் கையில் எடுத்து ஒவ்வொன்றையும் ஓட்டத்தில் அளந்து பாருங்கள். கைவிரலால் தொட்டுப் பார்த்துச் சொல்லும் மூத்த ஆபரேட்டர்கள் உண்டு, ஆனால் அது இருபது ஆண்டுப் பழக்கம்.

நான் பழகிய காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் ஃபீடரில் இரண்டு நூல்களையும் துளை மாற்றிக் கோத்துவிட்டேன். இரண்டும் வெள்ளை. சாயம் போடாத கிரே துணியில் எந்த வேறுபாடும் கண்ணுக்குப் படவில்லை. மேசையில் விரித்து விளக்கில் பார்த்தும் தெரியவில்லை. சாயம் போட்டு வந்த பிறகு பார்த்தால், ஒவ்வோர் எட்டாவது வரிசையிலும் மங்கலான ஒரு கோடு, குழாய் முழுக்க. ஒரு ஷிப்ட் வேலை அப்படியே வீணானது. அன்றிலிருந்து, புதிய அமைப்பைத் தொடங்கும்போது உள்முகத்துக்குக் கறுப்பு நூலையும் வெளிமுகத்துக்கு வெள்ளை நூலையும் போட்டு அரை அடிக் குழாய் பின்னிப் பார்க்காமல் நான் உண்மையான நூலை ஏற்றுவதில்லை. வெள்ளை முகத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது எந்த ஃபீடர் என்று எண்ணிக் கண்டுபிடிக்கலாம். துணியைச் சற்று இழுத்துப் பார்க்கும்போது கறுப்பு நிறம் மெல்ல ஊடுருவித் தெரிவது இயல்பு. இழுக்காமல் தெரிந்தால்தான் குறை.

அடுக்குகளின் ஒத்திசைவு இங்கே எலாஸ்டேனின் இழுப்பு விகிதத்தில் இருக்கிறது. அதை அதிகமாக இழுத்துக் கொடுத்தால் உள்முகம் சுருங்கி, வெளிமுக நைலான் கண்ணிகள் நெருக்கியடித்துப் புடைக்கும். துணி கனமாகவும் கரடாகவும் ஆகும். குறைவாக இழுத்தால் துணி பட்டுப்போல் விழும், ஆனால் பிடிப்பு இராது.

ஐந்தாம் படி: மடிப்புப் பட்டி

பொறுமையாகப் பழக வேண்டிய பகுதி இதுதான். ஆடையின் தொடக்கமும் இதுவே: இடுப்புப் பட்டி முதலில் பின்னப்பட்டு, அதிலிருந்து உடல் வளரும்.

முந்தைய குழாய் கழன்று விழுந்த பிறகு எல்லா ஊசிகளும் வெறுமையாக, தாழ்கள் திறந்த நிலையில் நிற்க வேண்டும். முதலில் ஊசிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக எழுந்து நூலைப் பிடிக்கின்றன. எழாத ஊசிகளுக்கு நேராக, எழுந்த இரண்டு ஊசிகளுக்கு இடையே நூல் பாலம்போல் கிடக்கும். டயலிலிருந்து ஜாக்குகள் வெளியே நீண்டு, அந்தப் பாலத்தைத் தம் கொக்கியில் மாட்டிக்கொண்டு உள்ளே பின்வாங்குகின்றன. இனி பட்டியின் தொடக்க விளிம்பு முழுவதும் டயலின் பிடியில் இருக்கும். இதன் பின் எல்லா ஊசிகளும் வழக்கம்போல் பின்னத் தொடங்கும். துணி சிலிண்டருக்குள் இறங்கிக்கொண்டே போனாலும் அதன் தலைப்பு மேலே டயலில் தொங்கிக்கொண்டிருப்பதால், அது உள்ளே ஒரு பைபோல் மடிந்து நிற்கும்.

வேண்டிய உயரத்தின் இரு மடங்கு பின்னி முடித்ததும், ஜாக்குகள் மீண்டும் வெளியே நீள்கின்றன. ஊசிகள் எழுந்து, ஜாக்குகள் பிடித்திருந்த கண்ணிகளுக்குள் நுழைந்து அவற்றை வாங்கிக்கொள்ள, ஜாக்குகள் வெறுங்கையோடு பின்வாங்கும். இப்போது ஒன்றுவிட்டு ஒன்றான ஊசிகளில் இரண்டு கண்ணிகள்: ஒன்று பட்டியின் தொடக்கத்திலிருந்து வந்தது, மற்றொன்று இப்போது பின்னியது. அடுத்த வரிசை இரண்டையும் சேர்த்துப் பின்ன, பட்டி மூடிக்கொள்கிறது. ஊசியும் நூலும் கொண்டு யாரும் மடித்துத் தைக்காமலே இரட்டை அடுக்குப் பட்டி கிடைத்துவிட்டது.

எத்தனை சுற்று என்று கணக்கிடுவோம். மடித்த பின் 4 செ.மீ. உயரம் வேண்டுமானால் 8 செ.மீ. துணி பின்ன வேண்டும். தொழிலில் கோர்ஸ் என்று சொல்லப்படும் குறுக்கு வரிசைகள், துவைத்துத் தளர்ந்த துணியில் செ.மீ.க்கு 20 வருகின்றன என்றால் மொத்தம் 160 வரிசைகள். எட்டு ஃபீடர்களும் பின்னினால் 20 சுற்றுகள். பட்டிக்குப் பிடிப்புக் கூட்டுவதற்காக நான்கு ஃபீடர்கள் பின்னாமல் எலாஸ்டிக்கை மட்டும் இடைச்செருகலாக வைத்துப் போனால் 40 சுற்றுகள். இயந்திரத்தில் துணி இழுபட்ட நிலையில் எடுத்த வரிசை அடர்த்தியை இந்தக் கணக்கில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு அடுக்குகளும் ஒத்துப்போக ஒரு சிறு நுணுக்கம் உண்டு. பட்டியின் முதல் பாதி உட்பக்கமாகவும், இரண்டாம் பாதி வெளிப்பக்கமாகவும் அமைகின்றன என்று வைத்துக்கொண்டால், உட்பாதியின் கண்ணி நீளத்தை ஓர் இம்மியளவு குறைத்து வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே அமைப்பில் பின்னினால், உள்ளடுக்கு மிகுந்துபோய்க் குறுக்காகச் சுருக்கம் விழும். பட்டியை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தால் உள்ளே துணி மிதப்பது தெரியும். உயரத்திலும் அப்படித்தான்: மடிப்பு விழும் இடத்தில் ஒரு வரிசையை மட்டும் சற்றுத் தளர்வாகவோ, ஒன்றுவிட்டு ஒன்றான மிஸ் அமைப்பிலோ பின்னினால் துணி அந்தக் கோட்டிலேயே கூர்மையாக மடியும். அப்படிச் செய்யாவிட்டால் ஒருநாள் ஓரிடத்தில் மடியும், துவைத்தபின் வேறிடத்தில் மடியும்.

தொடக்கப் புள்ளியையும் யோசித்து வையுங்கள். எட்டு ஃபீடர் இயந்திரத்தில் ஒரு சுற்றில் எட்டு வரிசைகள் ஏறிவிடுகின்றன, செ.மீ.க்கு 20 வரிசை என்றால் சுற்றின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 4 மி.மீ. படி விழும். பட்டி மூடும் இடத்தில் இந்தப் படி கண்ணுக்குத் தெரியும். அது அணிபவரின் வயிற்றுப் பக்கம் நடுவில் வராமல் பக்கவாட்டிலோ முதுகுப் பக்கத்திலோ வரும்படி நிரலின் தொடக்க ஊசியை மாற்றி அமைக்கலாம்.

ஆறாம் படி: உடல் பகுதிக்கு வடிவம் கொடுத்தல்

பட்டி மூடிய பிறகு துணி ஒற்றை அடுக்காக, ஆனால் பிளேட்டிங்கால் இரு முகம் கொண்டதாக வளரும். அகலத்தை முதலில் கண்ணி நீளத்தால் மாற்றுங்கள். ஊசியைக் கீழிறக்கும் கேமின் ஆழத்தைக் கூட்டினால் கண்ணி நீளும், துணி அகலும். குறைத்தால் துணி குறுகும். இடுப்பிலிருந்து புட்டத்துக்குப் போகும்போது இதை ஒரே தாவலாக மாற்றாமல் வரிசைக்கு வரிசை சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். தாவினால் உடலைச் சுற்றி ஒரு வளையம் தெரியும்.

கண்ணி நீளத்தை நிரல் எண்ணை நம்பி விட்டுவிடக் கூடாது. துணியில் நூறு நெடுவரிசைகளை எண்ணி இரு பக்கமும் பேனாவால் குறியுங்கள். வெட்டி, ஒரு வரிசையின் நைலான் நூலை மட்டும் மெல்ல உருவுங்கள். சுருண்டு கிடக்கும் அதை, நீட்டாமல் நெளிவு மட்டும் நீங்கும்படி அளவுகோலின்மேல் பிடித்துப் பாருங்கள். குறிக்கும் குறிக்கும் இடையே 28 செ.மீ. இருந்தால் ஒரு கண்ணியின் நீளம் 2.8 மி.மீ. எட்டு வரிசைகளையும் இப்படி உருவி அளந்தால் எந்த ஃபீடர் ஒத்துப்போகவில்லை என்பது உடனே வெளிச்சமாகிவிடும்.

கண்ணி நீளத்தால் எட்ட முடியாத வேறுபாட்டை அமைப்பால் எட்டலாம். மிஸ் கண்ணிகள் துணியைக் குறுக்கி, நீட்சியைக் குறைக்கும். அடிவயிறு, தொடையின் உட்புறம் என்று தாங்கிப் பிடிக்க வேண்டிய இடங்களுக்கு அவை ஏற்றவை. டக் கண்ணிகள் துணியை அகற்றி, காற்றோட்டத் துளைகளைத் தரும். முதுகு நடுவிலும் அக்குளிலும் அவை நன்றாக அமையும். ஒரே ஊசியில் அடுத்தடுத்து நான்குக்கு மேல் டக் வைக்காதீர்கள். கொக்கியில் நூல் குவிந்து ஊசியே உடையும். மிஸ் அமைப்பில் பின்னால் ஓடும் நூல், மூன்று நான்கு ஊசிகளைத் தாண்டி நீளமாகத் தொங்கினால், அணியும்போது நகத்தில் மாட்டும்.

ஏழாம் படி: இரட்டைப் படுக்கையில் அடுக்குகளைக் கோத்தல்

மேற்சொன்னவை கைவந்த பிறகு இதற்கு வாருங்கள். எளிய அமைப்பு மூன்று ஃபீடர்களில் சுழலும்: முதலாவதில் சிலிண்டர் ஊசிகள் மட்டும் பின்ன, இரண்டாவதில் டயல் ஊசிகள் மட்டும் பின்ன, மூன்றாவதில் ஒரு பிணைப்பு நூல் இரு படுக்கைகளிலும் டக் ஆகி இரண்டையும் கோக்கும். பிணைப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் அடுக்குகள் ஒன்றாக அசையும், ஆனால் துணி விறைத்து நீட்சி குறையும். அரிதாக இருந்தால் மெத்தென்று இருக்கும், ஆனால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். நான்கு ஊசிக்கு ஒன்று என்று தொடங்கி, அடுத்த வரிசையில் புள்ளிகளை இரண்டு ஊசி தள்ளி வையுங்கள். எல்லாம் ஒரே நெடுவரிசையில் விழுந்தால் துணியில் நெடுக வாய்க்கால்போல் கோடுகள் ஓடும்.

தடிமனான அடுக்குத் துணியில் வடிவியல் ஒன்று ஒளிந்திருக்கிறது. இரண்டு அடுக்குகளும் 1 மி.மீ. இடைவெளியில் நின்றால், உடலைச் சுற்றி வளையும்போது உள்ளடுக்கின் சுற்றளவு வெளியடுக்கைவிட 6.3 மி.மீ. குறைவாகவே இருக்கும், உடலுறுப்பு பெரிதோ சிறிதோ, இந்த வேறுபாடு மாறாது. 55 செ.மீ. தொடையில் அது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், நீட்சியில் கரைந்துவிடும். 16 செ.மீ. மணிக்கட்டில் அதுவே ஏறத்தாழ நான்கு சதவீதம். மணிக்கட்டு உறைக்கும் முழங்கை உறைக்கும் உள்ளடுக்கைத் தனியாகக் கணக்கிட்டுச் சிறிதாகப் பின்ன வேண்டியதன் காரணம் இதுதான்.

எட்டாம் படி: ஓய்வும் துவைப்பும் அளவும்

இயந்திரத்திலிருந்து விழுந்த குழாயை உடனே அளக்காதீர்கள். எலாஸ்டேன் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும். மடிக்காமல், தொங்கவிடாமல், தட்டையாக ஒரு நாள் வையுங்கள். பிறகு இறுதி ஆடை எப்படித் துவைக்கப்படுமோ அப்படியே துவைத்து உலர்த்தி அளவெடுங்கள். சோதனைக் கூடம் இருந்தால் 20 டிகிரி செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதம் என்ற நிலையில் வைத்து அளப்பது முறை. இயந்திர அளவு, ஓய்வுக்குப் பின் அளவு, துவைத்த பின் அளவு என்று மூன்றையும் ஒரே அட்டையில், கேம் எண்களோடும் லாட் எண்களோடும் எழுதி, அந்தக் குழாயோடேயே பின்குத்தி வையுங்கள்.

குறைகளை வாசித்தல்

குறையின் திசையே பாதி விடையைச் சொல்லிவிடும். நெடுக்குக் கோடு என்றால் ஊசி அல்லது ஊசிகளுக்கு இடையே நின்று கண்ணியைப் பிடித்துக்கொள்ளும் சிங்கர் தகடு: கொக்கி வளைந்திருக்கும், தாழ் தளர்ந்திருக்கும், அல்லது பள்ளத்தில் பஞ்சும் எண்ணெயும் அடைந்திருக்கும். குறுக்குக் கோடு எட்டு வரிசைக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் ஒரு ஃபீடர். ஒழுங்கில்லாமல் வந்தால் கோனையோ நூலையோ சந்தேகியுங்கள். பட்டி மூடும் வரிசையில் மட்டும் ஆங்காங்கே ஓட்டை விழுந்தால், ஜாக் கண்ணியை ஊசிக்குக் கொடுக்கும் நேரத்தில் பிசகு. டயல், சிலிண்டரோடு ஒத்த நிலையில் நிற்கிறதா என்பதை மெக்கானிக்கைக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், நீங்களே முறுக்கித் திருப்ப வேண்டாம். அறுந்த கண்ணி ஏணிபோல் கீழே ஓடினால் ஊசியை மாற்றும் முன் அருகிலுள்ள நான்கு ஊசிகளையும் சேர்த்து லென்ஸில் பாருங்கள்.

வெட்டும் தையலும்

கழுத்து, கைக்குழி ஆகியவற்றின் வெட்டுக் கோட்டை நிரலிலேயே வேறு அமைப்பாக, எடுத்துக்காட்டாக இரண்டு நெடுவரிசை அளவுக்கு டக் வலையாக, பின்னிவிட்டால் வெட்டுபவர் அச்சு வைத்து வரைய வேண்டியதில்லை. சாயத்துக்கும் ஓய்வுக்கும் பின்னரே வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பைச் சாதாரண நூலால் இறுக்கித் தைத்தால், துணி நீண்டாலும் தையல் நீளாமல் அறும். விளிம்புகளைத் தட்டையாக இணைக்கும் ஃபிளாட்லாக் தையலும் மீள்தன்மை உள்ள நூலும் தேவை. தைத்து முடித்த முதல் ஆடையை யாராவது ஒருவர் முழுநாள் அணிந்து, உட்கார்ந்து, குனிந்து, நடந்து திரியட்டும். மாலையில் கழற்றியவுடன் உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் பாருங்கள்: பட்டியின் உள்ளடுக்கில் சுருக்கத்தின் தழும்பு இருக்கிறதா, தோலில் அதே இடத்தில் சிவந்த கோடு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உட்பாதியின் கண்ணி நீளத்தை இன்னும் ஓர் எண் குறைத்து அடுத்த குழாயைப் பின்னுங்கள்.